மேஸ்திரியிடம் சொன்னது

12 ஆகஸ்ட், செவ்வாய்

கத்தல்: 12.50, 1.35, 2.20, 3.45.

கீழ்வீட்டு இருளப்பன் எழுதி வைக்கச் சொன்னார், எழுதியாயிற்று. காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் வாசலில் நிற்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளராம்.

"மதினி, உங்க பூனை ராத்திரி பூராக் கத்துது. எனக்குப் பிரஷர் ஏறுது."

"ஒரு தடவை, ரெண்டு தடவை கத்தியிருக்கும். அதை நீங்க இருபது ஆக்காதீங்க."

"அப்ப நேரம் போட்டு எழுதி வைங்க மதினி, பாத்துருவோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கா எழுதத் தெரியாது? இருபத்தாறு வருஷம் சத்துணவுக் கூடத்தில் எத்தனை பிள்ளை, எத்தனை முட்டை என்று நாள் தவறாமல் பதிவேட்டில் எழுதியவள் நான். என் வீட்டுக்காரர் வருஷப் பிறப்புக்கு எங்கிருந்தோ வாங்கி வந்து, ஒரு வரிகூட எழுதாமல் வைத்துவிட்டுப் போன டைரி பீரோவில் கிடந்தது. அதில்தான் எழுதுகிறேன். அவருக்குத்தான் இனி வேண்டாமே.

13 ஆகஸ்ட், புதன்

கத்தல்: 1.15, 2.00, 2.40, 4.05. கண் எரிகிறது. குழம்பில் உப்புப் போட மறந்து, அப்படியே சாப்பிட்டேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

கத்தல்: 1.05 முதல் 1.30 வரை விடாமல். பிறகு 3.10.

அது மியாவ் இல்லை. தெருமுனையில் நின்றுகொண்டு யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற சத்தம். இருட்டில், ஹாலுக்கு நடுவில் நின்று, சுவரைப் பார்த்துக் கத்துகிறது. பால் வைத்தேன், குடிக்கவில்லை. நெத்திலிக் கருவாடு வைத்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. "சனியனே, வாயை மூடு" என்று நானும் கத்தினேன். திரும்பியே பார்க்கவில்லை. அவர் வளர்ப்பு அல்லவா, திமிர் எங்கே போகும்? செருப்பை எடுத்து எறிந்தேன். சுவரில்தான் பட்டது. குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினேன். அங்கே இன்னும் பெரிதாக எதிரொலித்தது. திறந்துவிட்டேன்.

பதினைந்து வயதுக் கிழட்டுப் பூனை. மில்லில் ஃபிட்டராக இருந்தபோது ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குவாளிக்குள் போட்டுக் கொண்டுவந்தார். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை முறைத்துப் பார்த்ததாம். அதனால் மேஸ்திரி என்று பேர் வைத்தார்.

இந்தக் கத்தல் அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி ஆரம்பித்தது. அதுவரைக்கும் ஒரு சத்தம் கிடையாது. அவர் படுத்திருந்த இடத்தில் அணையாமல் ஏற்றி வைத்த விளக்குக்குப் பக்கத்திலேயே சுருண்டு கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "வாயில்லா ஜீவன் எப்படித் துக்கம் காக்குது பாருங்க" என்று உருகினார்கள். என்னை யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான் அழவில்லையாம். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது யார் என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

கத்தல்: 1.20, 2.50, 3.30.

கொடியேற்றி மிட்டாய் கொடுத்த கையோடு சங்கக் கூட்டம். முதல் விஷயமே என் வீட்டுப் பூனை.

"கோச்சுக்காதீங்க மதினி. இருபத்துநாலாம் தேதி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிருங்க" என்றார் இருளப்பன்.

"நீங்க சொல்லித்தான் பண்ணணுமா? எனக்கே அதைக் கண்டா ஆகல. தொலைச்சுத் தலைமுழுகிட்டுப் போறேன்."

"தவமணி அண்ணன் ஆசையா வளத்ததாச்சேன்னுதான் இம்புட்டு நாள் பொறுத்தோம்."

"அவரு ஆசைக்கு நானா பொறுப்பு?"

மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி, "பூனைக்கு ஆவி கண்ணுக்குத் தெரியுமாம் அக்கா. அண்ணன் உங்ககூடப் பேசத்தான் வாராரோ என்னமோ" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிப் பொங்கியதோ. "உசுரோட இருந்தப்பவே ஆறு வருஷமா என்கூடப் பேசல. செத்தப்புறம் வந்து பேசப்போறாராக்கும்!" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

எல்லாரும் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு இந்த வாய் ஒன்று போதும், வேறு எதிரியே வேண்டாம்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கத்தல்: ஐந்து தடவை. நேரம் பார்க்கவில்லை, வெறுத்துவிட்டது.

ஊரறியச் சொல்லியாயிற்று, இனி எழுதினால் என்ன.

ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் மகள் யமுனாவின் கல்யாணப் பந்தி. சம்பந்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த மனுஷன் மில்லில் ஜெனரேட்டர் வெடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறது. சாம்பார் தீர்ந்துபோச்சு என்று சமையல்காரன் என்னைப் பிடுங்குகிறான். "கொஞ்சம் வாயை மூடிட்டு எந்திரிக்கிறீங்களா?" என்றேன். இருநூறு பிள்ளைகளை அதட்டி வளர்ந்த குரல், மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்து, "சரி, மூடிட்டேன்" என்றார்.

மூடியே விட்டார். இரண்டு நாள் பார்த்தேன், பேச்சில்லை. மூன்றாம் நாள் பூனையைக் கூப்பிட்டு, "மேஸ்திரி, வெள்ளைச் சட்டையில பொத்தான் அந்துபோச்சு, தைக்கணும்னு சொல்லு" என்றார். நான் விடுவேனா? "மேஸ்திரி, ஊசி நூலு எங்க இருக்குன்னு அவுகளுக்கே தெரியும்னு சொல்லு" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்ததுதான். சோறு வெந்துவிட்டது, கேஸ் வந்துவிட்டது, யமுனாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது, எல்லாம் மேஸ்திரியிடம்தான். பூனை வெளியே போயிருந்தால் அது திரும்பி வரும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பார்த்துக்கொண்டு நிற்கிறார், சொல்லவில்லை. மேஸ்திரி அப்போது மாடிப்படியில் இருந்தது.

கடைசி மூன்று வருஷமாக இன்னொரு கூத்து. பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் குதிகாலால் தரையில் தட் தட் என்று இரண்டு தட்டு. அதற்கப்புறம்தான் "மேஸ்திரி" என்பார். மில்லில் ஆளைக் கூப்பிடுகிற பவுசு! என் காதில் விழட்டும் என்றுதான் அந்தத் தட்டு. இருளப்பன்கூட, "எங்க வீட்டு ஃபேன் ஆடுதுண்ணே" என்று வந்து சொல்லிப் பார்த்தார். நிறுத்தவே இல்லை.

அப்புறம் அந்த ஜீரோ வாட் பல்பு. அவருக்கு ஹாலில் ராத்திரி முழுக்க அது எரிய வேண்டும். அவர் ஹாலில் கட்டிலைப் போட்டுப் படுப்பவர். எனக்கு உள்ளறை வரைக்கும் நீல வெளிச்சம் அடிக்கும். "மேஸ்திரி, வெளிச்சத்துல எனக்குத் தூக்கம் வரலன்னு சொல்லு" என்பேன். பதில் வராது. போய் அணைப்பேன். எழுந்து போடுவார். திரும்ப அணைப்பேன். திரும்பப் போடுவார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. பதினாறாம் நாள் விளக்கை எடுத்த கையோடு அந்தப் பல்பையும் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டேன். வீடு நன்றாக இருட்டாக இருக்கிறது.

ஆனால் தூக்கம் வந்தால்தானே.

19 ஆகஸ்ட், செவ்வாய்

கத்தல்: 2.10, 3.00.

இன்று அவருக்கு முப்பதாம் நாள் கும்பிட்டோம். யமுனா ஓசூரிலிருந்து நேற்று ராத்திரியே வந்துவிட்டாள். மட்டன் சுக்கா, அவித்த முட்டை, அவருக்குப் பிடித்த பச்சரிசிப் பாயசம், ஒரு கட்டு பீடி. படையல் போட்டுக் கும்பிட்டு எழுந்ததும் அதே கேள்வியைத் திரும்ப எடுத்தாள். வந்ததிலிருந்து நாலாவது தடவை.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அன்னிக்கு ராத்திரி அப்பா நெஞ்சு வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"என்கிட்ட எதுக்குச் சொல்லப்போறாரு? எங்களுக்குத்தான் பேச்சே கிடையாதே."

அவள் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அன்னிக்கு எட்டு மணிக்கு எனக்குப் போன் அடிச்சிருக்காரும்மா. பாப்பாவைத் தூங்க வச்சிட்டிருந்தேன், எடுக்கல. காலைல பேசிக்கலாம்னு விட்டுட்டேன். வலி வந்துதான் கூப்பிட்டிருக்காரு. நான் எடுத்திருந்தா அவரு இருந்திருப்பாரு" என்று அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவர் எப்போதும் போன் செய்கிறவர்தான் என்றேன். "சமாதானம் சொல்லாதம்மா" என்று எழுந்து போய்விட்டாள்.

நான் சொன்னது பொய் இல்லை. என்கிட்ட அவர் சொல்லவில்லை. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

போவதற்கு முன்னால் பூனைக்கும் அவளே ஒரு வழி செய்துவிட்டாள். மேலூர்ப் பக்கம் வயதான நாய் பூனைகளை வைத்துப் பார்க்கிற காப்பகம் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். அதற்குள் கால்நடை டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். சனியன் விட்டது.

20 ஆகஸ்ட், புதன்

கத்தல்: 12.40 முதல். எப்போது நின்றது என்று தெரியாது. தலையணையைக் காதில் வைத்து அமுக்கிக்கொண்டு கிடந்தேன்.

21 ஆகஸ்ட், வியாழன்

எமகாதகன். என்ன ஒரு அழுத்தக்கார மனுஷன்! இன்றைக்கு என்னால் எழுத முடியாது.

22 ஆகஸ்ட், வெள்ளி

நேற்று மேஸ்திரியைக் காய்கறிக் கூடையில் வைத்துத் துண்டால் மூடி, ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டர் சின்னப் பெண். அதன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டினாள். சாவிக்கொத்தை ஆட்டினாள். பூனை அசையவில்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தாள்.

"அம்மா, இதுக்குக் காது சுத்தமா கேக்காது. ரத்தக் கொதிப்பு இருக்கு, அதுல கண்ணும் மங்கிப்போச்சு. லேசா வெளிச்சம் இருந்தா நிழல் மாதிரி தெரியும். ராத்திரி வீட்டுல லைட் ஏதும் எரியுமா?"

"இப்ப இல்ல. பதினாறு நாள் விளக்கு எரிஞ்சது."

"அப்பக் கத்துச்சா?"

"இல்ல."

"அவ்வளவுதாம்மா. காதும் கேக்கல, இருட்டுல கண்ணும் தெரியல. வீட்டுல ஆளு இருக்காங்களா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதான் கூப்பிட்டுப் பாக்குது. அதோட சத்தம் அதுக்கே கேக்காததால இன்னும் பெருசாக் கத்துது."

கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். பிறகு போன் நம்பர் கேட்டாள். அவர் நம்பரைச் சொன்னேன், எனக்கு வேறு எது மனப்பாடம். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏற்கெனவே வந்திருக்கீங்களே! மூணு வருஷத்துக்கு முந்தி உங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்திருக்காரு" என்று அதில் இருந்ததை வாசித்தாள். காது கேட்கவில்லை. மருந்தால் சரியாகாது. தரையில் தட்டி, அதிர்வு கொடுத்துக் கூப்பிடச் சொல்லப்பட்டது. ராத்திரி சின்ன விளக்கு எரியவிடச் சொல்லப்பட்டது.

தட் தட்.

தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது. பூனையைத் தட்டி எழுப்பி, அது திரும்பிப் பார்த்ததும், அதற்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காது என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார். மேஸ்திரி, இன்னிக்குக் கத்தரிக்காய் நல்லா இருக்குன்னு சொல்லு. மேஸ்திரி, முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல்லு. மேஸ்திரி, மழை வருது, துணி காயுதுன்னு சொல்லு. எல்லாம் யாரிடம் சொன்னது? பூனை நடுவில் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் யாருமே இல்லை. என்னிடம்தான் பேசியிருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை.

ஏன்யா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஏ செண்பகம், பூனை செவிடாப்போச்சு" என்று சொன்னால் உங்கள் மீசையா இறங்கிவிடும்? அதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேனே. அம்புட்டு வீம்பா உங்களுக்கு?

சரி, எனக்கு மட்டும் என்ன குறைச்சல். நான் ஆரம்பித்திருக்கலாமே.

இப்போது அதையும் எழுதிவிடுகிறேன். ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி ஒன்பதரை. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். தட் தட் என்றார். "மேஸ்திரி, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுன்னு சொல்லு" என்றார். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேஸ்திரி, ஆறு பரோட்டா தின்னா அடைக்கத்தான் செய்யும். பெருங்காயம் போட்டு மோர் குடிக்கச் சொல்லு" என்றேன். அவரே எழுந்துபோய் மோர் கலக்கிக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். கட்டிலில் படுத்தார். நான் வந்து பல்பை அணைத்தேன். அன்றைக்கு மட்டும் அவர் எழுந்து போடவில்லை. ஒருவழியாக ஜெயித்துவிட்டேன் என்று போய்ப் படுத்து, நன்றாகத் தூங்கினேன்.

காலையில் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மேஸ்திரி உட்கார்ந்திருந்தது.

23 ஆகஸ்ட், சனி

கத்தல்: 2.00, 2.45.

மத்தியானம் யமுனாவுக்குப் போன் போட்டேன். மூன்று தடவை நம்பரை எடுத்து வைத்துவிட்டு, நாலாவது தடவை போட்டேன்.

"சான்றிதழ் வாங்கிட்டியாம்மா?"

"பூனைக்கு மாத்திரை குடுத்திருக்காங்க. அதை விடு. உங்கப்பா அன்னிக்குச் சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாரு. ஒன்பதரைக்கு. உனக்குப் போன் அடிச்சப்ப அவருக்கு ஒண்ணும் இல்ல, பரோட்டா பார்சல் வாங்கப் போயிட்டு வந்து நல்லாத்தான் உக்காந்திருந்தாரு. நீ எடுத்திருந்தாலும் பாப்பாவைப் பத்தித்தான் கேட்டிருப்பாரு. வலி அதுக்கப்புறம் வந்தது."

"யார்கிட்ட சொன்னாரு? பூனைகிட்டயா?"

"இல்ல. என்கிட்ட. என்கிட்டதான் சொன்னாரு. நான்தான் மோரைக் குடிக்கச் சொன்னேன்."

"ஒரு மாசமா நான் எப்படிச் சாகுறேன்னு உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் எப்படிம்மா உன்னால சும்மா இருக்க முடிஞ்சது?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

வைக்கட்டும். எனக்கும் வேண்டும்தான். அப்படியே சுவரோரம் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு மணி நேரம்.

சாயங்காலம் அலமாரியிலிருந்து பல்பை எடுத்து, நாற்காலி போட்டு ஏறி மாட்டினேன். முட்டி போயிற்று.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கத்தல்: இல்லை.

வேன் பத்து மணிக்கு வந்தது. கூடவே இருளப்பனும் மேலே வந்து நின்றார். வேன்காரத் தம்பிக்குக் காப்பி கொடுத்து, பூனை வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"மதினி, கூட்டத்துல முடிவு பண்ணினது..." என்று இழுத்தார் இருளப்பன்.

"நேத்து ராத்திரி சத்தம் கேட்டுச்சா?"

யோசித்தார். "கேக்கல. ஆனா..."

"இனிக் கேட்டா வந்து சொல்லுங்க, நானே உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். கேக்கலேன்னா என் வாசலுக்கு வராதீங்க."

கோபித்துக்கொண்டு போவார் என்று பார்த்தால், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றார். "கோச்சுக்காதீங்க மதினி. அண்ணன் தட்டுற சத்தம் இல்லாம எனக்கே வீடு ஒரு மாதிரித்தான் இருக்கு" என்றார். அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தேன்.

ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தது. யமுனா.

"பூனைய அனுப்பிட்டியா?"

"இல்ல."

பின்னால் பாப்பா எதற்கோ அடம்பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அதுக்கு மாத்திரை குடுத்தியா?" என்றாள்.

"குடுத்தேன். சோத்துல பிசைஞ்சு குடுத்தேன்."

"சரி, வைக்கிறேன்" என்றாள். கோபம் குறையவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, எட்டு மணிக்குப் போட்டிருக்கிறாள்.

25 ஆகஸ்ட், திங்கள்

கத்தல்: 2.15, ஒரே தடவை. பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு என்ன சந்தேகமோ.

எழுந்துபோனேன். அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினேன். காலையில் இருளப்பன் வந்து ஃபேன் ஆடியது என்று சொல்வார், சொல்லட்டும். மேஸ்திரி கத்துவதை நிறுத்திவிட்டுத் திரும்பி, என் பக்கமாக முகத்தைத் தூக்கியது.

"மேஸ்திரி, வலிச்சப்ப எந்திரிச்சு வராம உக்காந்திருந்தேன்ல, அது தப்புத்தான்னு சொல்லு" என்றேன்.

அதற்குக் காது கேட்காது. தெரிந்துதான் சொன்னேன்.